ரிப் ஒரு பக்கம், பாடி ஒரு பக்கம்: பல யூனிட் சேர்ந்து செய்யும் ஆர்டருக்குப் பொறுப்பு யார்?

நொய்யல்கரை | திங்கள், இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் நடுத்தர அளவு எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். பதினோரு வருடம் மெர்ச்சண்டைசிங், அதாவது வாங்கும் கம்பெனியின் (பையர்) ஆர்டரை முடியும்வரை பின்தொடரும் வேலை. போன வருடத்திலிருந்து எல்லாத் துறைகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். போன மாதம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், கேள்வி அப்புறம்.

18,000 டீ-சர்ட், நேவி புளூ, ஒரே ஸ்டைல். பாடிக்கு, அதாவது சட்டையின் உடம்புப் பகுதிக்கு, 30ஸ் கோம்ப்டு நூலில் பின்னிய சிங்கிள் ஜெர்சி துணி, சதுர மீட்டருக்கு 180 கிராம். கழுத்துக்கு லைக்ரா (இழுபடும் நூல்) போட்ட ஒன் பை ஒன் ரிப், வரிவரியாக நீளும் துணி. பாடி துணி 3,000 கிலோ, ரிப் வெறும் 180 கிலோ. பாடி ஒரு சாயப்பட்டறைக்குப் போனது, ரிப் இன்னொன்றுக்குப் போனது. இரண்டும் லேப் டிப், அதாவது சின்னத் துண்டில் சாயம் போட்ட நிற மாதிரி, காட்டி ஒப்புதல் வாங்கிய அதே நேவிதான். கட்டிங் முடிந்து 4,000 பீஸ் தைத்த பிறகு, பையருக்காக ஆர்டரைப் பார்க்கும் பையிங் ஹவுஸின் தரப் பரிசோதகர் (க்யூசி) வந்தார். வெளியே வெயிலில் வைத்துப் பார்த்தால் கழுத்தும் உடம்பும் ஒரே நிறம். அவர் பீஸை நிறம் பார்க்கும் லைட் பாக்ஸுக்குள் வைத்து, பகல் வெளிச்சம் போன்ற டி65 விளக்கை அணைத்துவிட்டு, கடை விளக்கு போன்ற டிஎல்84ஐப் போட்டார். கழுத்து மட்டும் லேசாகச் சிவப்படித்தது. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அந்த ஒரு நிமிடத்தில் வயிறு காலியானது போல இருந்தது.

அடுத்த இரண்டு நாள் நடந்ததுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. பாடி போட்ட பட்டறை ரிப்பைக் கை காட்டியது, ரிப் போட்ட பட்டறை லேப் டிப்பைக் கை காட்டியது. எங்கள் ஸ்டோர்ஸ் மெர்ச்சண்டைசரைச் சொன்னது, மெர்ச்சண்டைசர் பர்சேஸைச் சொன்னார். கட்டிங் மாஸ்டர் "எனக்கு வந்த துணியை வெட்டினேன்" என்றார். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் அந்த 18,000 பீஸுக்கு "இது என்னுடையது" என்று சொல்ல ஓர் ஆள் இல்லை.

கடைசியில் 180 கிலோ ரிப்பைப் புதிதாக ஓட்டி, பாடி போட்ட பட்டறையிலேயே சாயம் போட்டு, 9 நாள் தாமதத்தில் முடித்தோம். 12,000 பீஸ் தூத்துக்குடி வழியாகக் கப்பலில் போனது. மீதி 6,000 விமானத்தில் போனது, ஆர்டரின் லாபமும் அதோடு போனது.

இப்போது எங்கள் முதலாளி நிட்டிங், டையிங், பிரிண்டிங், ஸ்டிச்சிங் யூனிட்டுகளையும் நம் துறைகளையும் சேர்த்து "ஒரே டீம்" அமைக்கச் சொல்கிறார். வெளி யூனிட்டில் நமக்கு எந்த அதிகாரமும் கிடையாது. சம்பளம் கொடுப்பதும் நாம் இல்லை. அப்படிப்பட்டவர்களை ஒரு டீமாக எப்படிச் சேர்ப்பது? யார் தலைமை? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வடிநீர் | திங்கள், இரவு 10:40

தம்பி, நான் டையிங் யூனிட் நடத்துகிறேன். 28 வருடம். பதில் சொல்வதற்கு முன்னால் ஒரே கேள்வி: ரிப் ஏன் வேறு பட்டறைக்குப் போனது? அதை முடிவு பண்ணியது யார்?

உங்கள் பதிவில் எல்லோரும் வருகிறார்கள், அந்த ஆள் மட்டும் வரவில்லை.

டிஎல்84இல் மட்டும் நிறம் பிரிகிறது என்றால் இரண்டு பட்டறையும் வேறு வேறு சாயக் கலவையில் ஒரே நேவியைப் பிடித்திருக்கின்றன. ஒரு விளக்கில் ஒட்டும், இன்னொரு விளக்கில் ஒட்டாது. பட்டறை மேல் குற்றம் சொல்ல முடியாது, அவரவர் ஒப்புதல் வாங்கிய லேப் டிப்பை அவரவர் சரியாகத்தான் போட்டிருப்பார்கள். 3,000 கிலோவை எப்படியும் மூன்று லாட்டாக, மூன்று தடவையாகத்தான் மெஷினில் இறக்கியிருப்பார்கள். ஒவ்வொரு லாட்டோடும் 60 கிலோ ரிப்பை அதே தண்ணீரில் விட்டிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. சாயம் போடும் எவருக்கும் தெரிந்த விஷயம் இது. அவர்களிடம் யாராவது கேட்டார்களா?

நொய்யல்கரை | செவ்வாய், காலை 7:55

அண்ணா, நேற்று இரவே பழைய மெயில்களைத் தோண்டினேன். நீங்கள் கேட்டது சரியான கேள்வி.

ரிப்புக்கான லைக்ரா வரத் தாமதம். அதனால் நிட்டிங் ஐந்து நாள் தள்ளிப் போனது. பாடி தயாராகிவிட்டது, வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் வண்டி போகிறது என்று ஸ்டோர்ஸ் பாடியை மட்டும் ஏற்றிவிட்டது. ரிப் வந்தபோது அந்தப் பட்டறையில் மெஷின் நிறைந்திருந்தது, நாலு நாள் காத்திருக்கச் சொன்னார்கள். பர்சேஸ் வேறு பட்டறையில் கேட்டது. அங்கே உடனே இடமும் இருந்தது, கிலோவுக்கு 6 ரூபாய் குறைவும் கூட. அனுப்பிவிட்டார்கள்.

180 கிலோவுக்கு 1,080 ரூபாய் மிச்சம்.

ஆக வெளி யூனிட்டுகளை ஒழுங்குபடுத்தத்தான் நான் இந்த இழையைத் தொடங்கினேன், ஆனால் தவறு எங்கள் மாடியிலேயே, நாலு மேசைக்குள் நடந்திருக்கிறது. வண்டி ஏற்றியவருக்கு ரிப் கூடப் போக வேண்டும் என்று தெரியாது. பர்சேஸுக்குப் பாடி எங்கே இருக்கிறது என்று தெரியாது. மெர்ச்சண்டைசருக்கு இரண்டுமே தெரியும், ஆனால் அவரை யாரும் கேட்கவில்லை. அன்று அவர் வேறு பையருக்கு சாம்பிள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஓரகடம் ரவுண்டானா | செவ்வாய், காலை 11:20

நான் வாகன உதிரிபாகத் துறை, ஜவுளி தெரியாது. ஆனால் பிரச்சினை அப்படியே எங்களுடையது. இங்கே வாகனக் கம்பெனிகள் செய்யும் இரண்டு ஏற்பாடுகளைச் சொல்கிறேன்.

ஒன்று, சப்ளையர் கம்பெனியின் ஆள் ஒருவர் வாங்கும் கம்பெனிக்குள்ளேயே நிரந்தரமாக உட்கார்ந்திருப்பார். ரெசிடென்ட் இன்ஜினியர் என்போம். எங்கள் பாகத்தில் லைனில் ஒரு குறை வந்தால் மெயில் வராது, அவரைக் கையைப் பிடித்து லைனுக்குக் கூட்டிப் போவார்கள். மாலைக்குள் எங்கள் ஷாப் ஃப்ளோருக்குச் செய்தி வந்துவிடும். இரண்டு, பாகத்தில் ஏதாவது மாற்றினால், மெட்டீரியல் வாங்கும் இடத்தை மாற்றினால்கூட, முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். உங்கள் பர்சேஸ் செய்தது இங்கே நடந்தால் அது பெரிய விதிமீறல்.

டீம் என்றால் என்ன என்று எனக்குப் புரிய வைத்த சம்பவம் ஒன்று இருக்கிறது. 1997 பிப்ரவரி 1, ஜப்பானில் காரியா ஊரில் ஐசின் கம்பெனியின் ஆலை எரிந்துபோனது. டொயோட்டா கார்களின் பிரேக்குக்குப் போகும் சின்ன வால்வு ஒன்று, கிட்டத்தட்ட அனைத்தும் அந்த ஓர் ஆலையில்தான் தயாராயிற்று. டொயோட்டா சில மணி நேரத்துக்குத்தான் ஸ்டாக் வைக்கும். ஜப்பானில் டொயோட்டாவின் கார் லைன்கள் கிட்டத்தட்ட எல்லாம் நின்றன. பல வாரங்கள் ஆகும் என்றார்கள். ஆனால் ஒரு வாரத்துக்குள் லைன்கள் மறுபடி ஓடின. ஐசின் தன் வரைபடங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. அந்த வால்வை அதுவரை தொட்டிராத கம்பெனிகள் தங்கள் மெஷினை மாற்றியமைத்து அதைச் செய்யத் தொடங்கின. அதில் பிரதர் கம்பெனியும் உண்டு, உங்கள் ஊரில் தையல் மெஷினில் பார்க்கும் அதே பிரதர்.

விலை என்ன, யார் நஷ்டம் தாங்குவது என்று முதலில் பேசிவிட்டு யாரும் தொடங்கவில்லை. காசு பின்னால் சரியாக வந்து சேர்ந்தது. வரும் என்று அவர்களுக்கு முன்பே தெரியும், ஏனென்றால் பல வருடமாக அப்படித்தான் வந்துகொண்டிருந்தது.

பவர்டேபிள் அக்கா | செவ்வாய், மதியம் 2:05

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் "காசு சரியாக வந்து சேர்ந்தது" என்ற இடத்திலேயே எங்கள் கதை வேறாகிவிடுகிறது தம்பி.

நான் 32 மெஷின் வைத்து ஜாப் ஒர்க், அதாவது கம்பெனி கொடுக்கும் துணியைக் கூலிக்குத் தைக்கிறேன். என் டெய்லர்களுக்கு சனிக்கிழமை சம்பளம். எனக்கு பில் பணம் வர சில கம்பெனியில் 90 நாள், சில இடத்தில் அதற்கும் மேலே. இந்த இடைவெளியை யாருடைய நகையில் நிரப்புகிறேன் என்று ஒரு டீம் மீட்டிங்கிலும் யாரும் கேட்டதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேதி விஷயம். மெர்ச்சண்டைசர் எங்களிடம் "அக்கா, 14ஆம் தேதிக்குள் பீஸ் வேண்டும், இல்லையென்றால் கப்பல் போய்விடும்" என்பார். எனக்குத் தெரியும், உண்மையான தேதி 24. அவர் பத்து நாள் ஒளித்து வைத்திருக்கிறார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அதனால் அவர் 14 என்றால் நான் 20 என்று எடுத்துக்கொள்வேன். அவர் அதற்கும் முன்னால் 10 என்று சொல்லத் தொடங்குவார். ஒரு முறை ஒருவர் உண்மையான தேதியையே சொல்லிவிட்டார், பாவம், நான் நம்பவில்லை. அந்த ஆர்டர் நிஜமாகவே விமானத்தில் போனது. இன்றுவரை அது எனக்கு உறுத்தல்தான்.

துணி வரும் தேதியும் அப்படித்தான். "திங்கட்கிழமை காலை கட்டிங் வந்துவிடும்" என்று சொன்னால் நான் ஒரு செட் டெய்லரைப் பிடித்து வைப்பேன். திங்கள் வராது, செவ்வாய் வராது. புதன்கிழமை மதியம் அவர்கள் பக்கத்து யூனிட்டுக்குப் போய்விடுவார்கள், அவர்களுக்கும் சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுபோகக் காசு வேண்டுமே. வியாழக்கிழமை துணி வரும்போது மெஷின் இருக்கும், ஆள் இருக்காது. கம்பெனி கணக்கில் அது "ஸ்டிச்சிங் யூனிட் தாமதம்" என்று ஏறும்.

டீம் வேண்டும் என்றால் முதலில் எங்களிடம் உண்மையான தேதியைச் சொல்லுங்கள். துணி வராது என்றால் ஞாயிற்றுக்கிழமையே வராது என்று சொல்லுங்கள். அந்த ஒரு போன் போதும், வேறு வேலை எடுத்து ஆளைக் காப்பாற்றிக்கொள்வேன்.

வடிநீர் | செவ்வாய், மதியம் 3:30

அக்கா சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன். எங்களுக்கும் எல்லா லாட்டும் "அர்ஜென்ட்"தான். பத்து பேர் அர்ஜென்ட் என்றால் யார் பட்டறைக்கு வந்து உட்காருகிறாரோ அவர் லாட் முதலில் இறங்கும். இது முறையல்ல என்று எங்களுக்கும் தெரியும்.

எங்கள் பக்கத்து விஷயம் ஒன்றைத் துணி அனுப்புகிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். "ஷேட் கொஞ்சம் விலகுகிறது, ரீபிராசஸ் போட்டுக் கொடுங்கள்" என்று சுலபமாகச் சொல்கிறார்கள். நொய்யலில் சாயக்கழிவு போனது, ஒரத்துப்பாளையம் அணையில் அந்தத் தண்ணீர் தேங்கி விவசாயம் கெட்டது, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. என் பட்டறையும் மூடிக் கிடந்தது. அதற்குப் பிறகு ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற நிபந்தனையில்தான் ஓடுகிறோம். ஆர்ஓ, அதில் மிஞ்சும் உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து வற்றடிக்க எவாப்பரேட்டர், கடைசியில் உப்பைத் தனியாகப் பிரித்தெடுப்பது, அத்தனைக்கும் காசு. ஒரு லாட்டை மறுபடி போட்டால் அந்தச் செலவு முழுதும் மறுபடி. நேவி மாதிரி அடர்ந்த நிறம் என்றால் மெஷினும் பத்து மணி நேரத்துக்கு மேல் பிடிபட்டுவிடும்.

அதனால் முதல் தடவையே சரியாக வரவேண்டும் என்ற அக்கறை உங்களைவிட எங்களுக்கு அதிகம். ஆனால் ஆர்டர் பேசும்போது எங்களைக் கூப்பிடுவதில்லை, துணி வண்டியில் ஏறிய பிறகுதான் கூப்பிடுகிறார்கள்.

தணிக்கை மேசை | செவ்வாய், இரவு 8:15

அக்கா சொன்ன 90 நாள் பற்றி. நான் கணக்குப் பக்கம், பல பனியன் கம்பெனிகளுக்குப் பார்க்கிறேன்.

ஜாப் ஒர்க் யூனிட் உத்யம் என்ற அரசுப் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், பில் பணம் கொடுக்க எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள், ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டத்திலேயே இருப்பதுதான். யாரும் கண்டுகொள்ளவில்லை. 2023 நிதிச் சட்டத்தில் வருமான வரிக்குள் 43பி(எச்) என்று ஒரு பிரிவைச் சேர்த்த பிறகுதான் முதலாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். கெடு தாண்டி நிற்கும் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது, பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். கொடுக்காத பணத்துக்கு வரி கட்டுகிற நிலை. தாமதத்துக்கு வட்டியும் உண்டு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டில் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி.

அக்கா, உங்களிடம் உத்யம் சான்று இருந்தால் பில்லிலேயே அந்த எண்ணை அச்சடித்துவிடுங்கள். பல கம்பெனி கணக்குத் துறைக்கு உங்கள் யூனிட் அந்தப் பட்டியலில் வருகிறதா என்பதே தெரியாது.

நொய்யல்கரை அவர்களே, உங்கள் டீமில் கணக்குத் துறை இல்லை என்று கவனித்தேன். எல்லோரும் இப்படித்தான் விட்டுவிடுகிறார்கள். வெளியே போன துணி எங்கே இருக்கிறது என்பதற்கு உங்களிடம் ஏற்கெனவே ஓர் ஆவணம் உண்டு, துணியோடு வண்டியில் போகும் டெலிவரி சலான். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும், இல்லையென்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி ஜிஎஸ்டி போடுவார்கள். அதனால் கணக்குத் துறை ஒவ்வொரு சலானையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அன்று பாடிக்கு ஒரு சலான், ரிப்புக்கு வேறு முகவரியில் ஒரு சலான் என்று யாரோ கண்ணால் பார்த்துத்தான் இருப்பார்கள். அது ஏன் முக்கியம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதல்வருட மெர்ச் | செவ்வாய், இரவு 11:02

நான் இந்த வேலைக்கு வந்து எட்டு மாதம். என் போனில் ஓர் ஆர்டருக்கு ஐந்து வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. நிட்டிங்குக்கு ஒன்று, டையிங்குக்கு ஒன்று, பிரிண்டிங்குக்கு ஒன்று, ஃபேக்டரிக்குள் ஒன்று, பையிங் ஹவுஸோடு ஒன்று. எல்லாவற்றையும் ஒரே குரூப்பாக ஆக்கினால் சரியாகிவிடுமா?

பவர்டேபிள் அக்கா | புதன், காலை 6:30

ஆகாது கண்ணு. நான் இருக்கும் ஒரு குரூப்பில் 64 பேர். காலையில் 40 குட்மார்னிங், அப்புறம் யாரோ ஒரு வண்டி நம்பர், அப்புறம் ஒரு துணி போட்டோ. அது எந்த லாட் என்று யாருக்கும் தெரியாது. "ஓகே" என்று ஒருவர் போடுவார். எதற்கு ஓகே? ஷேடுக்கா, வண்டிக்கா? போட்டோவில் ஷேட் பார்த்து ஓகே சொல்வது எவ்வளவு பெரிய தவறு என்று வடிநீர் அண்ணன் சொல்லட்டும்.

வடிநீர் | புதன், காலை 9:10

போனில் தெரிவது போனின் நிறம், துணியின் நிறம் இல்லை. துணியைக் கையில் வாங்கி, லைட் பாக்ஸில் வைத்து, பின்னால் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். வேறு வழி கிடையாது.

எல்பெக்கரை | புதன், மாலை 5:48

ஹாம்பர்க்கிலிருந்து எழுதுகிறேன். இங்கே விமானத் தொழிலில் இருக்கும் எல்லோரும் ஒரு முறையாவது சொல்லிக் கேட்கும் சம்பவம் உங்கள் ரிப் கதைக்கு நெருக்கமானது.

ஏர்பஸ் ஏ380. உடற்பகுதிகள் ஹாம்பர்க்கில் தயாராகி, பிரான்ஸின் துலூஸில் ஒன்றுசேர வேண்டும். ஒரு விமானத்துக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் ஒயர். ஹாம்பர்க்கில் கட்டிய ஒயர் கற்றைகளை துலூஸில் இழுத்து மாட்டப் பார்த்தால் பல இடங்களில் பொருந்தவில்லை. ஜெர்மனியில் கட்டியா என்ற வரைபட மென்பொருளின் நாலாம் பதிப்பு, பிரான்ஸில் ஐந்தாம் பதிப்பு. ஓரிடத்தில் செய்த திருத்தம் இன்னோரிடத்துக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. 2006இல் கொடுத்திருக்க வேண்டிய முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குப் போனது. இத்தனைக்கும் இரண்டும் ஒரே கம்பெனியின் ஆலைகள்.

உங்கள் இரண்டு லேப் டிப்பும் அந்த இரண்டு பதிப்பும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லோரும் நேவி என்றுதான் சொன்னார்கள். எந்தத் துண்டுத் துணி நேவி, எந்த விளக்கில் நேவி என்பதை ஒரே இடத்தில் வைக்கவில்லை.

ஓரகடம் ரவுண்டானா | புதன், இரவு 9:25

அப்படியானால் வழி எளிதாயிற்றே. எல்லா யூனிட்டுக்கும் ஒரே சாஃப்ட்வேர், ஒரே ஷீட். எந்த லாட் எங்கே, யார் எப்போது முடிப்பார்கள், எல்லாம் எல்லோருக்கும் தெரியட்டும். வாரம் ஒரு நாள் எல்லா யூனிட் ஆட்களும் ஒரே அறையில்.

வடிநீர் | புதன், இரவு 10:50

தம்பி, இதை ஒத்துக்கொள்ள முடியாது. கோபத்தில் சொல்லவில்லை, காரணம் இருக்கிறது.

உங்கள் வாகனத் தொழிலில் ஒரு சப்ளையர் ஒரு கம்பெனிக்குள் ஆளை உட்காரவைக்கலாம். இங்கே என் பட்டறையில் இன்று 14 கம்பெனியின் துணி கிடக்கிறது. அதில் நொய்யல்கரை தம்பியின் போட்டிக் கம்பெனிகளும் இருக்கும். என் மெஷின் பிளானை அவர் ஷீட்டில் திறந்து வைத்தால், அடுத்த கம்பெனி எந்த பையருக்கு எவ்வளவு போடுகிறது என்பது அவருக்குத் தெரிந்துபோகும். என்னை நம்பித் துணி கொடுத்தவருக்கு நான் அதைச் செய்யலாமா? அதேபோல அவருடைய அடுத்த சீசன் கலர் கார்டு என் மேசையில் இருக்கிறது, நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்பதால்தான் அது அங்கே இருக்கிறது. இந்த ஊர் இப்படித்தான் ஓடுகிறது.

வாராந்தரக் கூட்டமும் வேண்டாம். 14 கம்பெனியும் கூப்பிட்டால் எனக்கு வாரத்தில் எத்தனை நாள் மிஞ்சும்? என் ஆள் வருவார், ஆனால் முடிவெடுக்கும் ஆள் வரமாட்டார். ஆர்டர் தொடங்கும்போது ஒரு மணி நேரம் கூப்பிடுங்கள், நானே வருகிறேன். நிட்டிங்காரரும், தைக்கிறவரும் இருக்கட்டும். அந்த ஒரு மணி நேரத்தில் "ரிப் எப்போது வரும், பாடியோடு சேர்த்து விடலாமா" என்று நானே கேட்டிருப்பேன்.

ஓரகடம் ரவுண்டானா | புதன், இரவு 11:15

நியாயம்தான் சார். அந்தக் கோணத்தை நான் யோசிக்கவில்லை. திருத்திச் சொல்கிறேன்: யூனிட்டின் முழு பிளான் வேண்டாம், அந்த ஓர் ஆர்டரின் நிலை மட்டும் போதும். ஆனால் ஒரு கருத்தில் மாறமாட்டேன், "வண்டியை நிறுத்து" என்று சொல்ல அதிகாரம் உள்ள ஒரே ஆள் வேண்டும்.

நொய்யல்கரை | நாலு மாதம் கழித்து, ஞாயிறு, மாலை 4:20

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம், செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று நினைத்தேன். இரண்டு ஆர்டர் முடிந்துவிட்டது, மூன்றாவது ஓடுகிறது.

முதலில் "ஒரே டீம்" என்ற யோசனையைக் கைவிட்டோம். முதலாளிக்குப் புரியவைக்கத்தான் நேரம் பிடித்தது. வடிநீர் அண்ணன் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். ஆர்டருக்கு ஓர் ஆள் என்று வைத்தோம். அவருக்குப் பெரிய பட்டம் எல்லாம் இல்லை, "ஆர்டர்காரர்" என்றுதான் கூப்பிடுகிறோம். நூல் வாங்குவதிலிருந்து கன்டெய்னர் மூடும் வரை அவர் கையெழுத்து இல்லாமல் எந்த வெளி யூனிட்டுக்கும் துணி போகாது, யூனிட் மாறவும் முடியாது. பர்சேஸ் எவ்வளவு குறைவாகக் கேட்டு வந்தாலும் சரி. முதல் பத்து நாள் பர்சேஸ் மேனேஜர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் துறையின் வேலையை அளப்பதே கிலோவுக்கு எவ்வளவு குறைத்தார் என்பதை வைத்துத்தான், அதை மாற்றாமல் அவரைக் குறை சொல்வது நியாயமில்லை என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இப்போது அந்தக் கணக்கில் ரீபிராசஸ் செலவையும் விமானச் செலவையும் ஆர்டர்வாரியாகச் சேர்த்துப் பார்க்கிறோம்.

ஒவ்வொரு லாட்டோடும் ஓர் அட்டை போகிறது. கெட்டி அட்டை, ஏ5 அளவு. மேலே ஒப்புதல் வாங்கிய துணித்துண்டு பின் அடித்திருக்கும், எந்த விளக்குகளில் பார்த்தோம் என்று எழுதியிருக்கும். கீழே "கூடப் போக வேண்டியது" என்று ஒரு வரி: ரிப் 60 கிலோ, காலர், நெக் டேப், எதுவோ அது. அந்த வரியில் உள்ளது வண்டியில் இல்லையென்றால் ஸ்டோர்ஸ் வண்டியை அனுப்பாது. சலான் நம்பரும் அதே அட்டையில். ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் போன வாரம் ஒரு வண்டியை ஒன்றரை மணி நேரம் நிறுத்திவைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். டிரைவர் சத்தம் போட்டது போனிலேயே கேட்டது. காலர் வரவில்லை, அதனால் நிறுத்தினேன் என்றார். அன்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அக்கா, தேதி விஷயம். உண்மையான தேதியைச் சொல்வது என்று முடிவெடுத்தோம். முதல் ஆர்டரில் அது எங்களைக் காப்பாற்றவில்லை. ஸ்டிச்சிங் யூனிட் நம்பவில்லை, நீங்கள் சொன்ன அதே கதை, நாலு நாள் தாமதம். இரண்டாவது ஆர்டரில் கப்பலுக்குச் சரக்கு கொடுக்கக் கடைசி நாளான கட் ஆஃப் தேதி உள்ள புக்கிங் தாளையே காட்டினோம். ஒரு நாள் முன்னாலேயே முடித்துக் கொடுத்தார்கள். துணி வராது என்றால் முந்தின நாள் மாலை 6 மணிக்குள் ஆர்டர்காரர் போன் செய்ய வேண்டும் என்றும் வைத்திருக்கிறோம். இரண்டு முறை மறந்திருக்கிறோம், மறைக்கவில்லை.

பணம்தான் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. 45 நாளுக்குள் எல்லோருக்கும் என்று முதலாளி ஒப்புக்கொண்டார், நாலு யூனிட்டுக்கு வந்துவிட்டது, பிரிண்டிங் யூனிட் ஒன்றுக்கு 60 நாள் ஆனது. தணிக்கை மேசை அவர்கள் சொன்னபடி கணக்குத் துறைப் பெண் ஒருவரை ஆர்டர் தொடக்கக் கூட்டத்தில் உட்காரவைக்கிறோம். இரண்டாவது கூட்டத்தில் அவர்தான் எழுந்து, "இந்தச் சலான் வேறு முகவரிக்குப் போயிருக்கிறதே, சரியா?" என்று கேட்டார். சரியாகத்தான் போயிருந்தது. ஆனாலும் கேட்டாரே.

பவர்டேபிள் அக்கா | ஞாயிறு, இரவு 7:00

படித்ததும் மனசு நிறைந்தது தம்பி. அந்த பிரிண்டிங் யூனிட்டுக்கு 60 நாள் ஏன் ஆனது என்று அவரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். நானும் பில்லில் உத்யம் நம்பர் போட்டுவிட்டேன். ஒரு கம்பெனியிலிருந்து 40ஆம் நாளே பணம் வந்தது.

முதல்வருட மெர்ச் | ஞாயிறு, இரவு 8:33

சார், அந்த அட்டையின் மாதிரியை எழுதிக் காட்ட முடியுமா? எங்கள் கம்பெனியில் கேட்டுப் பார்க்கிறேன். அட்டை கசங்கித் தொலைந்துவிட்டால் என்ன செய்கிறீர்கள்?

நொய்யல்கரை | ஞாயிறு, இரவு 9:10

எழுதுகிறேன்மா. மேலே ஆர்டர் நம்பர், ஸ்டைல், லாட் நம்பர், கிலோ. நடுவில் துணித்துண்டு, இரண்டு அங்குலச் சதுரம், ஒரு பக்கம் மட்டும் பின், மடித்துப் பார்க்க வசதியாக. அதன் கீழே விளக்குகள், ஒப்புதல் தேதி, கையெழுத்து. பிறகு "கூடப் போக வேண்டியது". பிறகு அடுத்து எந்த யூனிட், எந்தத் தேதி. கடைசியில் ஆர்டர்காரர் பெயர், போன் நம்பர். வேறு எதையும் சேர்க்காதீர்கள், நாங்கள் முதலில் 22 கட்டம் போட்டோம், யாரும் நிரப்பவில்லை. ஒரே துணியிலிருந்து மூன்று துண்டு வெட்டி மூன்று அட்டை செய்கிறோம், ஒன்று லாட்டோடு, ஒன்று பட்டறையில், ஒன்று எங்கள் அலமாரியில்.

வடிநீர் | ஞாயிறு, இரவு 9:52

அலமாரியில் வைக்கும் அட்டையைக் கறுப்பு உறைக்குள் போட்டு வையுங்கள். சுவரில் தொங்கவிட்டால் வெளிச்சம் பட்டு நேவி வெளுக்கும், அப்புறம் அதை வைத்து என் லாட்டைத் தவறு என்பீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுத் துண்டு மாற்றுங்கள். பழையதைத் தூக்கிப் போடாமல் எனக்குக் கொடுத்து அனுப்புங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுகிறேன்.